மூன்றாம் வரிசையின் பச்சைக் கோடு

பிப்ரவரி 10, திங்கள்

ஆய்வுக்கூடத்துக்குப் புதிய சாயம் வந்துவிட்டது. சுண்டுவிரல் உயரத்துக் குப்பி. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் வெள்ளித்தாள் சுற்றியிருக்கிறார்கள். டாக்டர் மீனலோசனி என்னைக் கூப்பிட்டு, "வாணி, எத்திடியத்துக்கு இந்த மாசத்தோட விடை குடுத்துரலாம். அதுக்கு முன்னால ஒவ்வொரு மாதிரியையும் ரெண்டு சாயத்துலயும் ஓட்டுங்க. ரெண்டும் ஒரே பதில் சொல்லுதுன்னு எனக்குக் காட்டணும்" என்றார்.

பழைய சாயமான எத்திடியம் டிஎன்ஏவின் ஏணிப்படிகளுக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்துகொண்டு, புற ஊதா விளக்கில் ஆரஞ்சாக ஒளிரும். குழாயில் இருக்கும் டிஎன்ஏவுக்குள் நுழைவது நம்முடையதற்குள்ளும் நுழையும் என்றுதான் அதற்குத் தனி அறை, தனிக் குப்பைத்தொட்டி, இரட்டைக் கையுறை எல்லாம். புதியதற்கு நீல விளக்கே போதும். பச்சையாக ஒளிருமாம். பல மடங்கு கூர்மை என்கிறார்கள்.

பதினோரு வருடமாக ஆரஞ்சு நிறத்தையே பார்த்த கண். இனிப் பச்சைக்குப் பழக வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். கேஸ் புக் செய்தேன்.

பேருந்தில் கல்லூரிப் பெண்கள். ஒருத்தி மற்றவளின் தோளில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தாள். காதில் சின்னதாக ஒரு வெள்ளை முத்து. தேன்மொழி இருந்திருந்தால் இந்த வயதுதான். அவளுக்கு முத்துத் தோடு பிடிக்காது. தொங்குகிற மாதிரிதான் கேட்பாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

தாராபுரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். பெண்ணுக்குப் பதினாலு வயது, பார்க்கப் பத்து வயது போல இருக்கிறாள். இன்னும் வயதுக்கு வரவில்லை. இரண்டு எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு உடம்பில் எங்கேயோ கொஞ்சம் ஒய் குரோமோசோம் ஒளிந்திருக்கும். அப்படி இருந்தால் சினைப்பை பின்னால் கட்டியாகலாம், முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. இருக்கிறதா இல்லையா என்று சொல்வது என் வேலை.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங், எம்பட புள்ளைய அறுக்கோணும்னு சொல்லீருவாங்களாங்?"

"டெஸ்ட் பண்ணிப் பார்த்துத்தாங்க சொல்ல முடியும். டாக்டர் சொல்லுவாங்க."

"நீங்க புள்ளகுட்டிக்காரங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா?"

ஊசியை எடுத்துவர உள்ளே போனேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீட்டுக்காரர் கடைக்கு லீவு விட்டுவிட்டு மூலைக்காட்டுக்கு வேலி கட்டப் போனார். கடையில் ரீவைண்டிங்குக்கு வந்த மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அந்த மூலைக்காட்டில் எள் விதைத்தால்கூட முளைக்காது, வெறும் கல். கொழுந்தனார் தன் பங்கை மனை போட விற்றபோது இதையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார், இவர் கேட்கவில்லை. வருடா வருடம் மாசியில் போய்க் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறார். கதவுகூட வைக்காத வேலி. "உள்ள போறது எப்படிங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "தாண்டித்தான்" என்றார்.

இன்று முழங்கையில் கம்பி கீறிய தடம். மருந்து தடவினேன். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டதற்கு, "ஆடு மாடு மிதிக்குதுல்ல" என்றார்.

மிதித்தால் என்ன?

பிப்ரவரி 18, செவ்வாய்

ஒரே நாளில் இரண்டு ஜெல். ஒன்று ஆரஞ்சுக்கு, ஒன்று பச்சைக்கு.

அவருடைய அம்மா, என் அத்தை, உயிரோடு இருந்தபோது, ஆஸ்பத்திரியில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டது நினைவுக்கு வந்தது. கடல்பாசி மாதிரி ஒரு பலகை காய்ச்சி, ஓரத்தில் குழி குழியாக விட்டு, ரத்தத்திலிருந்து பிரித்து நகலெடுத்ததை அதில் ஊற்றிக் கரண்ட் விடுவேன், சின்னத் துண்டு முன்னால் ஓடும், பெரியது பின்னால் நிற்கும், சாயம் போட்டு விளக்கில் வைத்தால் எது எங்கே நிற்கிறதென்று கோடு கோடாகத் தெரியும் என்றேன். "அட, கோடு போடறதுக்கா அம்மிணி உனக்குச் சம்பளம்?" என்று சிரித்தார்.

முதல் வரிசை அளவுகோல். இரண்டாவது எங்கள் கூடத்து ராபின்சன், மூன்றாவது நான். ஒய் இருப்பவருக்கு ஒரு சாட்சி, இல்லாதவருக்கு ஒரு சாட்சி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் இருவர் ரத்தம்தான். "ஜெல்லுக்குள்ள நீங்க ரெண்டு பேருந்தான் ஜோடி" என்று கூட வேலை பார்க்கும் ஃபரீதா கிண்டல் செய்வாள். பிறகு நோயாளிகள். கடைசிக் குழியில் வெறும் தண்ணீர், மருந்தில் கலப்பு இருந்தால் காட்டிக்கொடுக்க.

ஆரஞ்சில் எல்லாம் வழக்கம்போல. ராபின்சனுக்கு ஒய் கோடு பளிச்சென்று. எனக்கு அந்த இடம் கறுப்பு.

பச்சையில் என் வரிசையில் ராபின்சனின் கோட்டுக்கு நேராக ஒரு கோடு. மிக மெல்லியது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இருந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

பெண் சாட்சியில் ஒய் கோடு வந்தால் அந்த ஜெல்லை வைத்து யாருக்கும் பதில் எழுதக் கூடாது. தாராபுரத்துப் பெண்ணின் வரிசை சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் கொடுக்க முடியாது. அந்த அம்மா ஃபோன் செய்தார். அடுத்த வாரம் என்று சொல்லச் சொன்னேன்.

எங்கோ ஓர் ஆணின் தோல் செதிலோ எச்சில் துளியோ கலந்திருக்க வேண்டும். கூடத்தில் இருக்கிற ஒரே ஆண் ராபின்சன்.

"தாடிய எடுங்க சார் மொதல்ல. அதுலருந்துதான் கொட்டியிருக்கு" என்றாள் ஃபரீதா.

"லெந்து நோன்புக் காலம் வருதும்மா, அதுல தாடிய எடுக்கக் கூடாது."

"அப்ப ஈஸ்டர் வரைக்கும் நீங்க மருந்து கலக்கற ரூமுக்குள்ள வரக் கூடாது."

கதவில் ‘ராபின்சன் சாருக்கு அனுமதி இல்லை’ என்று ஒட்டிவிட்டாள். மனிதர் தன் டீயைக்கூட வராந்தாவில் நின்று குடித்தார். நானும் ஃபரீதாவும் மேசைகளை பிளீச்சிங் போட்டுக் கழுவினோம். நகலெடுக்கும் மருந்து எல்லாம் புதிது பிரித்தோம்.

பிப்ரவரி 24, திங்கள்

என் பழைய குழாயில்தான் ஏதோ கலந்துவிட்டது என்று புதிதாக ரத்தம் எடுத்தோம். ஊசி குத்தியது ஃபரீதா, டிஎன்ஏ பிரித்ததும் அவள்தான். நான் அறைக்குள்ளேயே போகவில்லை. ராபின்சன் இன்று லீவு.

தண்ணீர் சுத்தம். எல்லாமே சுத்தம்.

மூன்றாம் வரிசையில் கோடு.

ஃபரீதா என்னைப் பார்த்தாள். பிறகு விளக்கை அணைத்தாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

தலைவலி. லீவு போட்டுவிட்டு அலமாரித் துணியெல்லாம் எடுத்து மடித்து மறுபடி அடுக்கினேன்.

பிப்ரவரி 27, வியாழன்

டாக்டர் மீனலோசனி கதவைச் சாத்தச் சொன்னார். ஆரஞ்சு, பச்சை இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"இது அழுக்கு இல்ல, வாணி. மருந்துல இருந்தா தண்ணியிலயும் வந்திருக்கும். இது உங்க ரத்தத்துலயே இருக்கு. லட்சத்துல ஒரு செல்லா இருக்கலாம். இந்த டெஸ்ட்ல கொஞ்சத்தையும் விடக் கூடாதுன்னு நகலெடுக்கற சுத்து கூட்டி வச்சிருக்கோம் இல்லையா? ஆனா எத்திடியத்துக்கு அது எட்டல."

"அப்ப முன்னாடியும் இருந்துச்சா மேடம்?"

"இருந்திருக்கணும்."

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. ஆண் குழந்தை சுமந்த அம்மாவோட ரத்தத்துல அந்தக் குழந்தையோட செல் தங்கிரும். வருஷக் கணக்கா இருக்கும்" என்றார்.

"எனக்குக் குழந்தை இல்லைங்க மேடம்."

"உயிரோட பொறந்திருக்கணும்னு இல்ல. வயித்துல இருந்திருந்தாலே போதும்."

அதுவரை இந்த ஆஸ்பத்திரியில் ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னேன். ஒன்பதாம் மாதம். அசைவு நின்றுவிட்டது, அறுத்து எடுத்தார்கள். "ஆனா அது பொண்ணுங்க மேடம்."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ரத்தம் ஏத்துனாங்களா?"

"ஏத்துனாங்க."

"அப்ப அதுவா இருக்கும். ரத்தம் குடுத்தவங்க ஆம்பளையா இருந்திருக்கலாம். சில சமயம் அதுவும் தங்கும்." படங்களை எடுத்து உறைக்குள் போட்டார். "இவ்வளவு மெல்லிசா இருக்கறத வச்சு யாருடையதுன்னு சொல்ல முடியாது. ஃபரீதாவுக்கு ரெண்டும் பொண்ணுங்கதானே? இனிமே அவங்க ரத்தத்தைப் போடுங்க."

யாரோ ரத்தம் கொடுத்தவர். முகம் தெரியாத ஓர் ஆள். சரிதான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

கறிக்குழம்பு வைத்தேன். அவர் இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

அறுத்து எடுத்த அன்று நான் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. வயிற்றில் கட்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் அத்தை. தொட்டில் இல்லை. நான் கேட்பதற்குள் அத்தை என் நெற்றியைத் தடவி, "பொட்டப்புள்ளதான் அம்மிணி, போச்சாது, போனாப் போகுது உடு" என்றார். வீட்டுக்காரர் அறை வாசலில் நின்றிருந்தார். சட்டை இல்லாமல் பனியனோடு நின்றிருந்தார். கால் முட்டி வரை மண். அதற்குள் எல்லாம் முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். தாய் பார்க்கக் கூடாதாம், பார்த்தால் ஆறாதாம்.

பார்க்காததால் நானே ஒரு முகம் வைத்துக்கொண்டேன். பெயரும். பல் முளைத்தது, பள்ளிக்கூடம் போனது, கணக்கில் மட்டம், தலை சீவிவிட்டால் வலிக்கிறதென்று கத்துவது. எல்லாம் வைத்துக்கொண்டேன்.

சட்டை எங்கே போயிற்று என்று இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை.

மார்ச் 5, புதன்

ஃபரீதாவின் ரத்தத்தைச் சாட்சியாக வைத்து ஓட்டினேன். மூன்றாம் வரிசை கறுப்பு. தாராபுரத்துப் பெண்ணின் வரிசையும் கறுப்பு. ஒய் இல்லை. அறுக்க வேண்டாம்.

அந்த அம்மா வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். மகள் சங்கடத்தோடு அவர் முந்தானையை இழுத்து, "ம்மா, எந்திரிம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். பிறகு அம்மாவின் கலைந்த முடியைத் தன் கையாலேயே காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

ஃபரீதா நோன்பு திறக்க வீட்டில் செய்த கடல்பாசியில் எனக்கும் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தாள். ரோஸ் நிறம், ஏலக்காய் வாசம். "நம்ம ஜெல்லும் இதுவும் ஒரே வீட்டுப் புள்ளைங்கதான்க்கா. இதுல கரண்ட் விட வேண்டியதில்ல" என்றாள். போகும்போது என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். டாக்டர் சொல்லியிருக்க மாட்டார். அவளுக்கே தெரிந்திருக்கிறது.

மார்ச் 8, சனி

என் பழைய குழாயைத் தூக்கி எறியச் சொல்லியிருக்கிறார்கள். உறைபெட்டியில் பின்னால் தள்ளி வைத்தேன்.

சாயம் ஒன்றும் புதிதாக உண்டாக்குவதில்லை. இருப்பதில் போய் ஒட்டிக்கொண்டு, இருக்கிறது என்று காட்டுகிறது. ஆனால் எவருடையது என்று அதற்குத் தெரியாது. ரத்தம் கொடுத்தவருடையதா, அல்லது. யோசித்துப் பார்த்தால் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். பக்கத்து அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன், ஏதோ பேச்சில், "பொண்ணு இருந்திருந்தா உங்களை இப்படி அழுக்கு வேட்டியோட விட்டிருப்பாளா?" என்றேன். அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். செம்பில் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது.

கேட்டால் ஒருத்தி போய்விடுவாள். கேட்காவிட்டால் ஒருவன் யாரும் தேடாமல் கிடப்பான்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் அவர் வாசலில் உட்கார்ந்து கடை ஸ்கூட்டரின் பிரேக் கேபிளுக்குக் கிரீஸ் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். காப்பியைப் பக்கத்தில் வைத்தேன்.

"ஏனுங், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"ம்."

"புதுச் சாயம் போட்டுப் பாத்தா என்ற ரத்தத்துல ஆம்பளக் கோடு ஒண்ணு தெரியுதுங்க."

ஸ்பேனர் நின்றது. அவர் நிமிரவில்லை.

"ரத்தம் ஏத்துனது எதாச்சும் இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. இல்லாட்டி நான் சொமந்த புள்ளையோடதா இருக்குமாமா. பையனா இருந்தா."

தெருவில் தண்ணீர் லாரி போயிற்று. அது போய் முடிகிறவரை காத்திருந்தோம்.

"இத்தனை வருசங்கழிச்சுமா தெரியுது?" என்றார் கடைசியில்.

"தெரியுதுங்க."

"எங்கம்மாதான் சொல்லுச்சு. பையன்னு சொல்லீறாதடா, அவ உசுர உட்டுருவா, பொட்டப்புள்ளன்னு சொன்னா ஆறிக்குவான்னு." கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னம் எல்லாம் கறுப்பாயிற்று. "அப்பறம் சொல்லலாம்னு இருந்தன். நீ ஒரு நாள் தூக்கத்துல பேரு சொல்லிக் கூப்புட்ட. பொம்பளப்புள்ள பேரு. அதுக்கப்பறம் எப்படிச் சொல்றது?"

"பொண்ணுன்னா ஆறிருவன்னு நெனச்சீங்களா?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். எனக்கு அத்தை மீது கோபம் வரவில்லை. வர வேண்டும். ஆனால் அந்தக் கை நெற்றியைத் தடவியது நிஜம்.

"எப்படி இருந்தான்?"

"தலை நெறைய முடி. மூக்கு உன்ற மூக்கு." கிரீஸ் கையைப் பார்த்தபடி, "குளுருமேன்னு என்ற சட்டையிலதான் சுத்துனன்" என்றார்.

காப்பி ஆறிப் போயிற்று. சுட வைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 10, திங்கள்

பேருந்தில் அந்தப் பெண்கள் ஏறினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

அவராகத்தான் கேட்டார், "அந்தக் கோட்ட நான் பாக்க முடியுமா?" என்று.

டாக்டரிடம் அனுமதி கேட்டேன். எதற்கென்று மேடம் கேட்கவில்லை. மத்தியானம் எல்லோரும் போன பிறகு, ஒதுக்கி வைத்திருந்த பழைய குழாயிலிருந்து நகலெடுத்து ஒரு சின்ன ஜெல் ஓட்டினேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. கடைசியாகக் கிளம்பிய ராபின்சன் அவருக்குக் கைகொடுத்து, "உங்க வீட்டம்மாவால ஒரு மாசம் வராந்தாவுல நின்னேன் சார்" என்றார். இவர் என்னவென்று புரியாமல், "மன்னிச்சுக்கோங்க" என்றார்.

மோட்டார் ஆள் அல்லவா, ஜெல் பெட்டியின் கறுப்பு ஒயரையும் சிவப்பு ஒயரையும் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. "எங்கிருந்து எங்க ஓடும்?"

"கறுப்புலருந்து சிவப்புக்குங்க."

நீலச் சாயம் இறங்குவதைப் பார்த்து, "அதா?" என்றார்.

"இல்லைங்க. அது எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு நமக்குக் காட்டறதுக்குத்தான். அவன் தெரியமாட்டான்."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், ‘அவன்’ என்று சொன்னதை.

இருட்டறைக்குக் கூட்டிப்போய் மஞ்சள் கண்ணாடி மூடியை இறக்கி, நீல விளக்கைப் போட்டேன். ராபின்சனின் கோடு பச்சையாக எரிந்தது. "இதா?" என்றார். அவர் விரலைப் பிடித்துப் பக்கத்து வரிசைக்கு நகர்த்தினேன். முதலில் அவருக்குத் தெரியவில்லை. கண் பழகட்டும் என்றேன். குனிந்து நின்றார். பிறகு அவர் மூச்சு மாறியது.

"இத்துனூண்டா."

"ஆமாங்."

"இன்னும் எத்தனை நாளைக்கு இருப்பான்?"

"நான் இருக்கற வரைக்கும் இருந்தாலும் இருப்பானுங்க. இந்தக் கோடுதான் நிக்காது. வெளிச்சத்துல வச்சுப் பாக்கப் பாக்கச் சாயம் மங்கிரும்."

நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் சட்டென்று நிமிர்ந்து, "அப்ப அணைச்சிரு. அணைச்சிரு" என்றார்.

அணைத்தேன். இருட்டில் இரண்டு பேரும் நின்றோம்.

"நீ வெச்ச பேரு என்ன? அன்னைக்குச் சரியாக் கேக்கல."

"தேன்மொழி."

"நல்ல பேருதான்." சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடும் சத்தம் கேட்டது. "நான் பேரெல்லாம் வெக்கல. அங்க போறப்ப தம்பீன்னு கூப்புடுவன்."

"எங்கங்க?"

கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

ஸ்கூட்டரில் போனோம். சுற்றி எல்லாம் மனைக்கல் நட்டு வண்ணக்கொடி கட்டியிருக்கிறார்கள். நடுவில் எங்கள் மூலைக்காடு மட்டும் கல்லும் கோரையுமாக. போன மாதம் கட்டிய கம்பி இன்னும் பளபளக்கிறது. நாலு பக்கமும் வழி இல்லை.

அவர் பழக்கத்தில் காலைத் தூக்கித் தாண்டி உள்ளே போய்விட்டார். திரும்பிப் பார்த்தார். நான் சேலையை ஒரு கையில் பிடித்தபடி வெளியே நின்றிருந்தேன். என்னால் தாண்ட முடியவில்லை.

ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துவந்தார். கம்பிகளை மேலிருந்து ஒவ்வொன்றாக அறுத்தார். அறுந்த முனை என் மேல் படாமல் வளைத்துப் பிடித்துக்கொண்டார்.

"இங்க ஒரு கதவு வெச்சரலாம்" என்றார்.

வடகிழக்கு மூலையில் மூன்று கல் வைத்த இடம். போய் உட்கார்ந்தேன். வெயில் ஏறும்வரை இருந்தோம். கிளம்பும்போது அவர் குனிந்து, நான் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் கூச்சத்தோடு, "தம்பி, வரட்டுமா?" என்றார்.

நானும் தம்பி என்று கூப்பிட்டேன். பிறகு, அவர் ஸ்கூட்டரை எடுக்கப் போனதும், தேன்மொழி என்றும் ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டேன்.